ஆறு நிமிடக் கொதிநீரில் பங்குனிக் கொழுந்து

மாசி பிறந்து பத்துப் பதினைந்து நாளில் டார்ஜிலிங் மலையின் தாழ்வான தோட்டங்களில் கொழுந்து கிள்ளத் தொடங்கிவிடுவார்கள். பங்குனியில் உயரத்துத் தோட்டங்களும் சேர்ந்துகொள்ளும். சித்திரை பாதி கழிவதற்குள் பருவம் முடிந்துபோகும். கார்த்திகைக் குளிரில் உறங்கப்போன செடி கண்விழித்து விடும் முதல் துளிர் அது; வியாபாரத்தில் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் என்பார்கள். கோயம்புத்தூரில் எங்கள் சின்னத் தேயிலைக் கடைக்கு அந்த நாட்களில் கூரியரில் பொட்டலங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடித் தேயிலை. நாங்கள் வாங்கப்போவது வருடத்துக்கு முப்பது கிலோதான். ஆனால் கிலோ பல ஆயிரம் ரூபாய் விலை போகும் சரக்கு. நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்தைக் கையால் கிள்ளினால்தான் ஒரு கிலோ தேயிலை ஆகும். ஆகவே எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அவசரப்பட்டு முடிவுசெய்யக் கூடாது.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். கடை தொடங்கிய புதிதில் ஒரு பொட்டலத்தைப் பிரித்தவுடன் அறையே மணத்தது. அந்த வாசத்தை நம்பி எட்டு கிலோ வாங்கிவிட்டேன். பங்குனியில் குடித்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஆனி மாதம் டப்பாவைத் திறந்தால் உள்ளே வெறும் காய்ந்த புல்லின் வாடை. சாயத்தில் துவர்ப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. இலை கெட்டுப்போகவில்லை, நான் எதை வாங்கினேனோ அதுதான் அங்கே இருந்தது. புதுசாக இருப்பதன் வாசத்தை இலையின் தரம் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே எழுதியிருக்கும் ஒவ்வொரு படியும் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான்.

முறையைச் சொல்லிக்கொடுத்தவர் குன்னூரில் நாற்பது வருடம் ஏலத் தேயிலையை ருசி பார்த்த ஒரு பெரியவர். குன்னூரில் 1963 முதல் ஏலம் நடக்கிறது. அங்கே ஒரே காலையில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களைக் கடந்து போகிறவர்களின் வரிசையில் வந்தவர் அவர். முதல் நாளே சொன்னார்: “தம்பி, இலைய மட்டும் மாத்து. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். அப்பத்தான் இலை பேசறது காதுல விழும்.” தண்ணீர், எடை, பாத்திரம், நேரம், வெளிச்சம் எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிட்டு இலையை மட்டும் மாற்றுவது. இந்த வேலையின் பாதி அதுதான்.

பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதை முதலில் குறிப்பேட்டில் ஏற்றிவிடுவேன். தோட்டத்தின் பெயர், டிஜே எண், தரப்பெயர், செடி வகை. டார்ஜிலிங்கில் ஒவ்வொரு தோட்டமும் பருவம் தொடங்கியதும் தன் தொகுதிகளுக்கு டிஜே-1, டிஜே-2 என்று வரிசையாக எண் போடும். டிஜே-1 என்றால் அந்த வருடத்தின் முதல் தொகுதி. அதற்கு ஒரு மவுசு உண்டு; வாங்குகிறவர்கள் அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பதுண்டு. என் அனுபவத்தில் பதினைந்து, இருபது என்று எண் ஏறும்போதுதான் பல தோட்டங்களின் கொழுந்து நிறைகிறது. முதல் தொகுதியில் வாசம் இருக்கும், உடம்பு இருக்காது. எஸ்எஃப்டிஜிஎஃப்ஓபி-1 என்று நீளமாக அச்சிட்டிருக்கும் எழுத்துக்கூட்டம் இலையின் அளவையும் தோற்றத்தையும் மொட்டின் அளவையும் மட்டும் சொல்லும். ருசியைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் கிடையாது.

செடி வகை மட்டும் கவனிக்கத்தக்கது. ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல் 1841-ல் டார்ஜிலிங்கில் தேயிலை விதை ஊன்றிப் பார்த்தார். அடுத்த பதினைந்து வருடத்துக்குள் அங்கே வணிகத் தோட்டங்கள் வந்துவிட்டன. சீன வகைச் செடிகள் இன்றும் பல சரிவுகளில் நிற்கின்றன, நூறு வயது தாண்டியவையும் உண்டு. இன்னொரு பக்கம் ஏவி2, பி312 போன்ற பதியன் வகைகள். ஏவி2 பூவாசம் தூக்கலாக வரும், முதல் வாய்க்கே மயக்கும். சீனச் செடியின் இலை அடக்கமானது. ஆறிய பிறகுதான் வாய் திறக்கும். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து ஒரே அளவுகோலால் அளந்தால் சீனச் செடி எப்போதும் தோற்கும். அதனால் வகை வாரியாகப் பிரித்துத் தனித்தனி வரிசையாக வைக்கிறேன்.

எழுதி முடித்ததும் பெயர்களை மறைத்துவிட வேண்டும். என் மனைவி பொட்டலங்களை வாங்கிக்கொண்டு போய், ஒரே மாதிரி டப்பாக்களில் கொட்டி, அடியில் குறியீடு ஒட்டிக்கொண்டு வருவாள். ஒரு வரிசைக்கு ஆறு கிண்ணம். அவற்றில் ஒரு சாம்பிள் இரண்டு முறை இருக்கும், எது என்று எனக்குத் தெரியாது. இரட்டைக் கிண்ணங்களுக்கு நான் வெவ்வேறு தீர்ப்பு எழுதியிருந்தால் அன்றைய வரிசையை முழுக்க அடித்துவிட்டு மறுநாள் மறுபடி பார்ப்பேன். இடது ஓரத்தில் ஏழாவதாக ஒரு கிண்ணம் உண்டு. போன வருடம் வாங்கி, காற்றுப் புகாமல் அடைத்துவைத்த தேயிலை அது. அதன் குணம் எனக்கு மனப்பாடம். நாக்கு அன்றைக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

நேரம் காலை ஒன்பதரை. காலைச் சிற்றுண்டியில் வெங்காயமும் ஊறுகாயும் இல்லை. சந்தனம், திருநீறு, ஊதுபத்தி எல்லாம் அந்த அறைக்கு வெளியே. வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் மேசை கிடக்கிறது. நேர்வெயில் விழாத சீரான வெளிச்சம் கிடைக்கும் என்பதால் ருசி பார்க்கும் அறைகளைப் பழைய நாளிலிருந்தே வடக்கு ஜன்னலை ஒட்டித்தான் அமைக்கிறார்கள்.

முதலில் உலர் இலை. வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தால், அஸ்ஸாம் தேயிலையையே பார்த்துப் பழகியவருக்கு இது கறுப்புத் தேயிலைதானா என்ற சந்தேகம் வரும். பச்சை, பழுப்பு, வெள்ளி மொட்டு, அங்கங்கே செம்பு எல்லாம் கலந்து கிடக்கும். அதற்குக் காரணம் வாட்டும் முறை. முதல் பருவக் கொழுந்தை டார்ஜிலிங்கில் வழக்கத்துக்கு மிஞ்சி வாட்டுகிறார்கள். பச்சை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தொட்டியிலேயே காற்றோடு போய்விடும். ஈரம் அவ்வளவு வற்றிய இலையை உருட்டினால் சாறு அதிகம் கசியாது. இலையைக் கறுக்கவைக்கும் நொதிக்கு வேலைசெய்ய இடமில்லாமல் போகிறது. தொழிற்சாலையில் அந்தக் கட்டத்தைப் ‘புளிக்கவைப்பது’ என்பார்கள். உண்மையில் அது இலைச்சாறு காற்றோடு கலந்து நிறம் மாறுவதுதான். முதல் பருவத்தில் அது பாதியில் நின்றுவிடுகிறது. பச்சை மணமும் பூ மணமும் தங்குவது அதனால்தான்.

நிறம் கலந்திருப்பது குறை இல்லை என்று ஆகிவிட்டால் வேறு என்ன பார்ப்பது? ஒரே அளவில் சுருண்டிருக்கிறதா, காம்பும் தட்டை இலையும் தூளும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று பார்க்கலாம். பத்து இழையை எடுத்து விரல்களுக்கு நடுவே அழுத்தினால் மொறுமொறுவென்று ஒடிய வேண்டும். நமுத்துப்போன அப்பளம் போல வளைந்தால் அங்கேயே ஒரு கேள்விக்குறி. நன்றாக உலர்த்திய தேயிலையில் ஈரம் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆறு சதவீதத்தைத் தாண்டினால் டப்பாவுக்குள் உட்கார்ந்தே கெட ஆரம்பிக்கும். அடுத்து, ஒரு கைப்பிடியை உள்ளங்கையில் மூடி, இடுக்கில் வாயால் சூடாக ஊதி, உடனே முகர்வேன். மூச்சின் சூடும் ஈரமும் பட்டதும் இலையில் ஒளிந்திருக்கும் வாசம் எழும். புகை, ரஸ்க் வாடை, சாக்கு வாடை இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். நல்ல வாசத்தை மட்டும் இந்தக் கட்டத்தில் நான் குறித்துக்கொள்வதில்லை. நான் ஏமாந்தது இங்கேதான்.

இனித் தண்ணீர். இதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கவேண்டும். நம் ஊரில் தேயிலையைப் பற்றிய பாதித் தகராறு உண்மையில் தண்ணீரைப் பற்றியது.

எங்கள் தெருவில் சிறுவாணிக் குழாய் வருகிறது. அந்தத் தண்ணீரின் மென்மையைப் பற்றிக் கோவைக்காரர்களிடம் யாரும் வாதாட முடியாது. சுண்ணச்சத்து குறைந்த தண்ணீரில் சாயம் கண்ணாடி போல இறங்கும். அதே தேயிலையை ஒருமுறை ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நிறம் கறுத்தது, மேலே எண்ணெய்ப் படலம் போல ஒரு ஆடை கட்டியது, பூவாசம் இருந்த இடம் தெரியவில்லை. கடினநீரில் இருக்கும் கால்சியம்தான் அந்த ஆடைக்குக் காரணம். பாலும் சர்க்கரையும் சேர்ந்து கொதிக்கும் தேநீரில் இது பெரிதாகத் தெரியாது. முதல் பருவத் தேயிலைக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஆர்ஓ தண்ணீரும் நல்லதல்ல. எல்லாவற்றையும் உருவி எடுத்த நீரில் சாயம் ஒல்லியாக, முனை மட்டும் கூராக நிற்கிறது. சென்னையில் இருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது: தாது குறைவான குடிநீர்க் கேனாக, எப்போதும் ஒரே நிறுவனத்தின் கேனாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றினால் நீங்கள் ஒப்பிடுவது இலையை இல்லை, தண்ணீரை.

இன்னொரு விஷயம் உயரம். டார்ஜிலிங் நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். குன்னூரிலும் 94-தான். கோயம்புத்தூரில் 98-ஐத் தாண்டும். தோட்டத்து அறையில் ருசி பார்த்த மேலாளர் ‘மென்மை’ என்று எழுதி அனுப்பிய தேயிலை நம் ஊர்க் கொதிநீரில் கரடுமுரடாக வந்தால் அவர் பொய் சொன்னதாக ஆகாது. நம் வாடிக்கையாளர் கோயம்புத்தூரில் கொதிக்கவைத்துத்தான் குடிக்கப்போகிறார் என்பதால் நம் கொதிநிலையில் அது எப்படி நிற்கிறது என்பதே எனக்கு முக்கியம். புதிதாகப் பிடித்த தண்ணீர், தளதளவென்று கொதி வந்ததும் இறக்கி ஊற்ற வேண்டும். கொதித்து ஆறியதை மறுபடி ஏற்றுவது கிடையாது.

எடை 2.8 கிராம், தண்ணீர் 140 மில்லி. நூறு மில்லிக்கு 2 கிராம் என்பது ஐ.எஸ்.ஓ. 3103 என்ற உலகத் தரவிதியின் கணக்கு. 1980-ல் வந்த அந்த விதி, வெள்ளைப் பீங்கான் பாத்திரம், வடிக்கும் பற்கள் வெட்டிய விளிம்பு, மூடி, 6 நிமிடம் என்று எல்லாவற்றையும் வரையறுக்கிறது. அதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் விதிக்கு 1999-ல் நகைச்சுவைக்காகத் தரப்படும் இக் நோபல் பரிசைக் கொடுத்தார்கள். ஒரு கோப்பைத் தேநீருக்கு ஆறு பக்க விதியா என்ற சிரிப்பு. சிரித்தவர்கள் அதை நல்ல தேநீர் போடும் குறிப்பு என்று நினைத்துவிட்டார்கள். அந்த விதியில் போட்ட முதல் பருவத் தேநீரை யாரும் ஆசையாகக் குடிக்க மாட்டார்கள். கசக்கும், வாயைப் பிடிக்கும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இளஞ்சூட்டில், மூன்று நிமிடத்தில், எந்தத் தேயிலையும் சிரித்த முகமாக நிற்கும். கொதிநீரில் ஆறு நிமிடம் நிறுத்தினால்தான் அதன் பலவீனம் வெளியே வரும். பெண் பார்க்கப் போகும்போது பார்க்கும் முகமும் கல்யாண வேலையில் அலுத்துக்கிடக்கும்போது பார்க்கும் முகமும் ஒன்றா? நான் பார்க்க விரும்புவது இரண்டாவதை.

டார்ஜிலிங்குக்கு ஐந்து நிமிடம் போதும் என்பவர்களும் உண்டு. ஐந்தோ ஆறோ, எல்லாக் கிண்ணத்துக்கும் ஒன்றாக இருந்தால் சரி. ஏழு பாத்திரத்துக்கும் கால் நிமிட இடைவெளியில் ஊற்றி, அதே வரிசையில் அதே இடைவெளியில் வடிப்பேன். பாத்திரத்தைக் கிண்ணத்தின் மேல் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டால் கடைசிச் சொட்டுவரை தானே வடிந்துவிடும். அந்தக் கடைசிச் சொட்டுகள் கெட்டியானவை. அவற்றை விட்டுவிடக் கூடாது.

வடிந்ததும் கை கிண்ணத்துக்குப் போகும். அடக்கிக்கொண்டு முதலில் சக்கையைப் பார்க்க வேண்டும். பாத்திரத்தை ஒரு தட்டுத் தட்டி, மூடியைத் தலைகீழாக வைத்து அதன்மேல் சக்கையைக் குவிப்பது வழக்கம். சூடு இருக்கும்போதே மூக்கை அருகில் கொண்டுபோய் ஒருமுறை, இரண்டு நிமிடம் கழித்து ஒருமுறை, முழுக்க ஆறியபின் ஒருமுறை. முதல் முறை எழுவது ஆவியோடு ஓடிப்போகும் வாசம். மூன்றாவது முறை மிஞ்சியிருப்பதுதான் ஆனி, ஆடிவரை டப்பாவில் தங்கும் வாசத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம். கொத்தமல்லி விதையை நசுக்கினால் எழும் வாசத்தில் பெரும்பங்கு லினலூல் என்ற பொருள். ரோஜாவின் மணத்தில் ஜெரானியால். இந்த இரண்டும் டார்ஜிலிங் இலையில் இருக்கின்றன. ஆறிய சக்கையில் அந்தக் கொத்தமல்லி, ரோஜாச் சாயல் கொஞ்சமாவது நின்றால் அந்தக் குறியீட்டின் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன். ஆறியதும் வெந்த கீரைத்தண்ணீர் வாடை வந்தால், உலர்த்தும் இயந்திரத்தில் ஈரத்தோடு வேகவிட்டிருக்கிறார்கள்.

இரண்டு மூன்று இலையை விரலால் விரித்தும் பார்ப்பேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் முழுசாக விரிந்தால் கிள்ளியவர் பக்குவமாகக் கிள்ளியிருக்கிறார் என்று தெரியும். சக்கையின் நிறம் இளம்பச்சையும் புதுச் செம்பும் கலந்து பளிச்சென்று இருக்க வேண்டும். முழுக்கப் பச்சை என்றால் வாட்டலில் மிஞ்சிவிட்டது, ருசியும் பச்சையாகவே இருக்கும். மங்கிய பழுப்பு என்றால் இலை எங்கோ காத்துக்கிடந்திருக்கிறது. விளிம்பில் கருகல் இருந்தால் சூடு.

சாயத்தின் நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வைக்கோல் மஞ்சளிலிருந்து உருக்கிய நெய்யின் பொன்வரை எதுவும் இருக்கலாம். கெட்டியா இல்லையா என்பதைவிடத் தெளிவா, பளபளப்பா என்பதைப் பார்த்தால் போதும். கிண்ணத்தின் விளிம்பை ஒட்டி ஒரு பொன்வளையம் தெரிந்தால் நல்லது.

இப்போது வாய். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் சூடு மட்டுமே தெரியும். விரலை வைத்தால் தாங்கும் சூட்டுக்கு இறங்கட்டும். ஒரு கரண்டி எடுத்து, உதட்டருகே வைத்து, காற்றோடு சேர்த்து ‘சுர்’ரென்று உறிஞ்ச வேண்டும். சாப்பாட்டு மேசையில் அப்படிச் சத்தம் போட்டால் வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவார்கள். இங்கே சத்தம் வராவிட்டால் சரியாக உறிஞ்சவில்லை என்று அர்த்தம். காற்றோடு உறிஞ்சும்போது சாயம் பொடிச்சாரலாகி வாயின் பின்பகுதிக்குப் போகிறது. அங்கிருந்து தொண்டைக்கு மேலே உள்ள வழியாக வாசம் மூக்கை எட்டுகிறது. இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்ற நாலைந்து ருசியைத்தான் நாக்கு சொல்லும். மீதியெல்லாம் இந்தப் பின்வாசல் வழியாக வருவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சி, நடுவில் மூக்கை விட்டுப் பாருங்கள். விளக்குப் போட்டாற்போல இருக்கும். இரண்டு மூன்று விநாடி வாயில் உருட்டிவிட்டுப் படிக்கத்தில் துப்பிவிட வேண்டும். ஏழு கிண்ணம், இரண்டு சுற்று. விழுங்கிக்கொண்டிருந்தால் மதியம் கை நடுங்கும்.

என் குறிப்பேட்டில் அதிக இடம் பிடிப்பது துவர்ப்பு. ஆங்கிலத்தில் தேயிலை ருசி பார்க்கிறவர்களுக்கு இது ஒரு தொழிற்சொல். நமக்கு அறுசுவையில் ஒன்று. பிறந்தது முதல் சாப்பிட்டுப் பழகியது. ஆகவே இதை நுட்பமாகப் பிரிக்கும் வசதி நமக்கு உண்டு. துவர்ப்பு உண்மையில் தொடுவுணர்ச்சி. இலையின் துவர்ப்புப் பொருள்கள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. ஆனால் எல்லாத் துவர்ப்பும் ஒன்றல்ல. மாதுளைத் தோல், கடுக்காய் போல வாய் முழுவதையும் இறுக்கிப் பிடித்து விடாமல் நின்றால் அது குறை. இலை முற்றியிருக்கலாம், உருட்டலில் கசக்கியிருக்கலாம். வாழைப்பூவை ஆயாமல் சமைத்ததுபோலப் பல்லில் கறையாக ஒட்டினால் பச்சை போகவில்லை. நாவல்பழம் போல வந்து, நாக்கின் ஓரத்தைச் சுருக்கி, சட்டென்று விட்டுவிட்டால் அதுதான் ஆங்கிலத்தில் பிரிஸ்க் என்று சொல்லும் துடிப்பு. அந்தத் துடிப்பு இல்லாத தேநீர் சோர்ந்து கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே நெல்லிக்காய். நெல்லிக்காய் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஒரு இனிப்பு ஊறுமே, அதுபோலத் துப்பியபின் அரை நிமிடம் கழித்து அடித்தொண்டையில் இனிப்பு திரும்பி வந்தால் அந்தத் தேயிலையை நான் விடுவதில்லை. முதல் பருவத்துக்கே உரிய கொடை அது. தியானின் என்ற பொருளைத் தேயிலைச் செடி வேரில் உண்டாக்கித் துளிருக்கு அனுப்புகிறது. குளிரில் ஓய்ந்து கிடந்த செடியின் முதல் துளிரில் அது கூடுதலாக இருக்கும்; வெயில் ஏற ஏறக் குறைந்து, துவர்ப்பு கூடும்.

வாசத்தைக் குறிக்கும் சொற்கள் வேறொரு சங்கடம். தேயிலைக்காரர்களின் சொற்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அஸ்பாரகஸ், ஆப்ரிகாட் என்று எழுதுகிறார்கள். அவற்றைப் பச்சையாக முகர்ந்தே பார்க்காத ஒருவர் அந்தச் சொற்களை எழுதினால் ஒரு வருடம் கழித்துத் தன் குறிப்பே தனக்குப் புரியாது. என் குறிப்பில் செங்காய்க் கொய்யா, பச்சைப் பட்டாணித் தோல், வெள்ளரிப்பிஞ்சு, எலுமிச்சைத் தோல், பால்பிடித்த சோளம், மகிழம்பூ, பொரிகடலை. செங்காய்க் கொய்யா நான் அடிக்கடி எழுதும் சொல். நல்ல ஏவி2-வில் அது மகிழம்பூவோடு சேர்ந்து வரும். டார்ஜிலிங்கின் பெயரோடு ஒட்டிக்கொண்ட மஸ்கட்டல் என்ற சொல்லும் இப்படித்தான். மஸ்கட் என்பது ஒரு திராட்சை. நம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மஸ்கட் ஹாம்பர்க் வகை. அந்தப் பழத்தின் தோலை நசுக்கி முகர்ந்தவருக்கு மஸ்கட்டல் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டாம். ஆனால் அது வைகாசி, ஆனியில் வரும் இரண்டாம் பருவத்தின் குணம். பூச்சி கடித்த இலையில் செடி தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் வாசம். பங்குனிச் சாம்பிளில் அதைத் தேடினால் கிடைக்காது, கிடைக்கவில்லை என்று குறை எழுதவும் கூடாது.

முதல் சுற்று முடிந்ததும் கிண்ணங்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விடுவேன். ஒரு மணி நேரம் கழித்து எல்லாம் ஆறியிருக்கும். ஆறிய தேநீரை நம் வீடுகளில் கொட்டிவிடுகிறோம். எனக்கு அதுதான் உண்மையான சோதனை. சூட்டோடு பூவாசம் வீசிய இரண்டு கிண்ணம் ஆறியதும் வெறும் புல்தண்ணீராகிவிடும். சூட்டில் எதுவும் பேசாத ஒன்று, பெரும்பாலும் சீனச் செடி, ஆறியபின் தேனும் ஈரக்கல்லும் போலப் படிந்து நிற்கும். இந்தச் சுற்றில் எழுதியது முதல் சுற்றில் எழுதியதோடு முரண்பட்டால் இரண்டாவதையே நம்புகிறேன்.

குறியீட்டைப் பிரித்துப் பெயர் பார்ப்பது இதற்குப் பிறகுதான். பிரித்துப் பார்த்தால் பலமுறை சங்கடமாக இருக்கும். புகழ்பெற்ற தோட்டத்தின் விலைகூடிய தொகுதி நாலாவது இடத்தில் கிடக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், நேபாளத்தின் இலாமிலிருந்து அதன் சொந்தப் பெயரிலேயே வந்த சாம்பிள் இரண்டாவதாக நிற்கும். ஒரே மலைத்தொடர், ஏறக்குறைய ஒரே செடி. அதில் ஆச்சரியம் இல்லை. 2004-ல் புவிசார் குறியீடு பெற்ற டார்ஜிலிங் என்ற பெயர் அந்த மலைகளின் 87 தோட்டங்களுக்கு உரியது. இலாம் தேயிலையை இலாம் என்றே சொல்லி விற்பது அதற்கும் மரியாதை, டார்ஜிலிங்குக்கும் மரியாதை. எங்கள் கடையில் இரண்டும் தனித்தனிப் பெயரோடுதான் இருக்கின்றன.

கடுமையான சோதனையில் நின்ற இரண்டு மூன்றை மாலையில் வீட்டில் குடிப்பதுபோலப் போடுகிறோம். 200 மில்லிக்கு 2.5 கிராம், கொதி அடங்கிய நீர், மூன்று நிமிடம். இது எனக்காக இல்லை. மனைவிக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கடையில் உதவிக்கு வரும் தம்பிக்கும். அக்கா காலை மாலை டிகாக்‌ஷனில் பால் ஊற்றிக் குடிப்பவர். அவருக்கு இது தேநீராகவே தோன்றாது என்று முதல் வருடம் பயந்தேன். குடித்துவிட்டு, “தம்பி, இது மழை பேஞ்ச தோட்டத்துல நிக்கற மாதிரி இருக்குது” என்றார். அதை அப்படியே குறிப்பேட்டில் ஏற்றிவிட்டேன். இந்தத் தேயிலையில் பால் ஊற்றலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் ஒளிக்காமல் சொல்வது: பாலுக்கு நீலகிரித் தூளும் அஸ்ஸாம் தூளும் இருக்கின்றன. அவை அதற்கென்றே செய்தவை. அந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்யும். இதை வாங்கிப் பால் ஊற்றினால் பணமும் வீண், பாலும் வீண்.

அன்றைக்கே ஆர்டர் போடுவதில்லை. மிச்சச் சாம்பிளில் பாதியை இறுக மூடி அலமாரியில் வைப்பேன். பாதியைச் சாதாரண மூடியுள்ள டப்பாவில் அடுக்களை மேடையில், வாடிக்கையாளர் வைப்பதுபோலவே, வைத்துவிடுவேன். ஜெர்மனியில் இந்தத் தேயிலையை விமானத்தில் வரவழைத்து ஃப்ளூக்டே, அதாவது விமானத் தேயிலை, என்ற பெயரோடு விற்கிறார்கள். புத்தம்புதிதாக இருப்பதற்கே அங்கே மதிப்பு. அங்கே பல வீடுகளில் டப்பா சீக்கிரம் தீர்ந்துபோகலாம். எங்கள் வாடிக்கையாளர்கள் நூறு கிராமை மூன்று மாதம் வைத்து, விருந்தாளி வரும்போது எடுக்கிறவர்கள். அவர்களுக்கு விற்கும் தேயிலை மூன்று மாதம் தாங்க வேண்டும்.

நாலு வாரம் கழித்து, சித்திரைக் கடைசியில், இரண்டு டப்பாவையும் அருகருகே வைத்து மறுபடி அதே 2.8 கிராம், அதே 6 நிமிடம். அதற்குள் நல்ல தொகுதிகள் விற்றுப்போயிருக்கும் என்று நண்பர்கள் எச்சரிப்பார்கள். சில வருடம் அப்படி நடந்தும் இருக்கிறது. ஆகவே பிடித்த இரண்டு தொகுதியில் இரண்டிரண்டு கிலோ மட்டும் முன்பே எடுத்துவைக்கச் சொல்லி, மீதியை இந்தச் சோதனைக்குப் பின் வாங்குகிறேன். கொய்யா வாசம் குறைந்திருக்கும், குறையத்தான் செய்யும். அது விலகிய இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். நெல்லி இனிப்பு திரும்புகிறதா? துவர்ப்பு நாவல்பழமாக நிற்கிறதா, கடுக்காயாக மாறிவிட்டதா? அடுக்களை மேடை டப்பாவும் அலமாரி டப்பாவும் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகாமல் இருக்கின்றனவா?

போன பங்குனியில் வந்த சாம்பிள்களில் இரண்டு தேறின. ஒன்று ஏவி2, ஒன்று குர்சியோங் பக்கத்துச் சீனச் செடி. இரண்டாவதிலிருந்து நூறு கிராமைப் பிரித்து, சின்னத் தகர டப்பாவில் காற்றுப் போகாமல் மெழுகு வைத்து அடைத்து, மேலே தேதி எழுதி, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றியிருக்கிறேன். மாசிக் கடைசியில் முதல் கூரியர் வரும்போது வரிசையின் இடது ஓரக் கிண்ணம் அதற்கு.